கிருத்திகையன்று பல் டாக்டரிடம்

“...தண்ணி கொஞ்சம் தொண்டைக்குப் போச்சுன்னா முழுங்கிடுங்கம்மா, ஒண்ணும் ஆகாது” என்றார் செங்கம் ரோட்டுப் பல் டாக்டரம்மா. மல்லாந்து படுத்திருந்த எனக்குப் பகீரென்றது.

நிறைமாத மகளுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டுமென்று கிருத்திகைதோறும் சாயங்காலம் வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருக்கிறேன். பல்லைச் சுத்தம் செய்யத்தானே போகிறோம், சாப்பிடவா போகிறோம் என்று வந்துவிட்டேன். மெஷின் தண்ணீரைப் பீய்ச்சும் என்று யார் கண்டது!

உறிஞ்சும் குழாயையும் மீறி அடித்தொண்டையில் தண்ணீர் சேர்ந்தது. உள்ளே போகாமல் தொண்டையை இறுக்கிப் பிடித்தேன். மூச்சு முட்டியது. டாக்டரின் கையைத் தள்ளிவிட்டு எழுந்து துப்பினேன்.

விஷயத்தைச் சொன்னதும் நர்ஸ் சிரித்தாள்.

“ஒரு முழுங்கு தண்ணிக்கா சாமி கோச்சுக்கப் போறாரு?”

“அவரு கோச்சுக்க மாட்டாரும்மா. எனக்குத்தான் மனசு கேக்காது.”

டாக்டர் சிரிக்கவில்லை. படித்தவர்கள் விரதம் என்றால் இளப்பமாகப் பார்ப்பார்கள் என்ற என் நினைப்பு அங்கேதான் உடைந்தது.

“உள்ள ஏதாவது போச்சாம்மா?”

“இல்லீங்க டாக்டர்.”

“அப்ப சரி.”

மெஷினை நிறுத்தினார். நாற்காலியை நிமிர்த்தினார். கையால் சுரண்டும் கொக்கியை எடுத்து, முதல் பல்லிலிருந்து பொறுமையாக ஆரம்பித்தார்.