செம்மரம் வைத்தவரின் ஆட்சேபணை

திருப்பதியில் ஒரு வன அலுவலகத்தில் நான் காண்ட்ராக்ட் ஆப்பரேட்டர். சொந்த நிலத்தில் செம்மரம் வைத்திருப்பவர்களின் பதிவு என் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. பேர், ஊர், சர்வே நம்பர், எத்தனை மரம், எவ்வளவு பருமன். தன் மரமே ஆனாலும் பர்மிட் இல்லாமல் வெட்டக்கூடாது.

போன வருஷம் அந்தப் பதிவு முழுவதையும் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு வந்தது. போட்டவர் சித்தூர்க்காரர். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. மலையில் திருடிய கட்டையைப் பட்டா நிலத்துக் கட்டை என்று காட்டி லாரியில் ஏற்றுகிறார்கள், பதிவை ஊர் பார்த்தால் பொய் வெளியே வரும் என்று எழுதியிருந்தார். எனக்கு அது சரியாகவே பட்டது. நூறு நாள் வேலையில் என் நைனா பேரில் வேறொருவன் கூலி வாங்கியது, பட்டியலைச் சுவரில் ஒட்டிய பிறகுதான் தெரிந்தது. வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான் ஒருவன். நான்தான் படித்துச் சொன்னேன்.

சூப்பரிண்டெண்டு மேடம் மனுவைப் பார்த்துவிட்டு, "குடுத்தா திருடனுக்கு நாமளே வழி காட்டினாப்பல ஆயிடும். குடுக்கலேன்னா நாமளும் கூட்டுன்னு சொல்வா," என்றார்.

ஒருவருடைய விவரத்தை வெளியிடும் முன் ஆட்சேபணை உண்டா என்று அவரை எழுதிக் கேட்கச் சட்டம் சொல்கிறது. எல்லாருக்கும் கடிதம் போட்டோம்.

புத்தலப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் நேரிலேயே வந்தார். மாந்தோப்பின் வேலியோரம் செம்மரம் வைத்தவர். கன்று கொடுத்ததே எங்கள் ஆபீஸ்தான். தோப்புக்குள்ளேயே வீடு, அவரும், பக்கவாதத்தில் படுத்துவிட்ட மனைவியும் மட்டும்.

"ஆட்சேபணை இருக்குது தம்பி, எழுதிக்கோ. ஆனா இனிமே எழுதி இன்னா பண்றது?"

"நீங்க வேணாம்னா பேர் வெளியே போகாதுங்க ஐயா."

"போயிடுச்சே. லெட்டர் தெலுங்குல வந்துது. எனக்கு பைபிள் படிக்கிற தமிழ்தான் வரும். பால் ஊத்துற எடத்துல கணக்கு எழுதுறவன்கிட்ட குடுத்தேன். அவன் சத்தமா படிச்சான், சர்வே நம்பரு, மரம் எத்தினி, எல்லாம். கேன் வெச்சிக்கினு நின்னவங்க மொத்தமும் கேட்டுட்டாங்க. 'கோடீஸ்வரன் நீ, இன்னும் ஏன்யா பால்ல தண்ணி கலக்கற'ன்றானுங்க."

மேடம் சிரித்துவிட்டார். பெரியவரும் கொஞ்சம் சிரித்தார்.

"இப்ப எவனெவனோ பைக்குல வந்து வேலியண்ட நின்னு பாத்துக்கினு போறான்மா. அவள வாரி எடுத்துக்கினு நான் எங்க ஓடுவேன்? வெட்டிக்க பர்மிட் குடுத்துடுங்க."

பர்மிட் என்றால் அளக்க வேண்டும், மரத்துக்கு மரம் பெயிண்டில் நம்பர் போட வேண்டும், ஊரில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். மாசக்கணக்கில் ஆகும் என்று மேடம் மெதுவாகச் சொன்னார்.

"மறுபடியும் ஊருக்குச் சொல்லணுமா," என்று பெரியவர் எழுந்து போய்விட்டார்.

காவலுக்கு ஆள் கேட்டு மேடம் எழுதினார். யாரோ ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். அதற்குப் பிறகு பெரியவர் ஆள் வைத்து எல்லா மரத்தையும் வெட்டி, ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் படும்படி தோப்பு வாசலில் அடுக்கினார். விற்கவில்லை. எடுத்துக்கொண்டு போங்கள் என்று எங்களுக்கே போன் செய்தார். கட்டையை எடுத்து வந்தார்கள். அனுமதியில்லாமல் வெட்டியதற்குக் கேஸும் போட்டார்கள்.

மனுவுக்குப் பதில் டைப் செய்தது நான்தான். உயிருக்கு ஆபத்து என்ற பிரிவில் நிலத்துக்காரர்களின் பேரையும் சர்வே நம்பரையும் மறைக்க மேலிடத்தில் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் மனுவில் இன்னொரு கேள்வியும் இருந்தது: பர்மிட் இல்லாமல் வெட்டியவர்கள் யார் யார்? அவர்கள் பேரை மறைக்கப் பிரிவு இல்லை என்றார் மேடம். நானும் தேடிப் பார்த்தேன். அப்படிப் போக வேண்டிய பேர்களில் பெரியவர் பேரும் ஒன்று.

"அவருக்கு லெட்டர் போடாதே. போன்ல தமிழ்ல சொல்லு," என்றார் மேடம்.

போன் செய்தபோது அவர் மனைவிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். பர்மிட் இல்லாமல் வெட்டியவர்கள் பட்டியலில் அவர் பேரும் வெளியே போகும் என்று சொன்னேன்.

"மரம் இப்ப இல்லன்னு அதுல தெரியுமா?"

"தெரியும் ஐயா."

"அப்ப போடு தம்பி. எல்லாரும் பாக்கற மாதிரி போடு."