நூறு வரை ஏற்றிய கார்

என் அக்கா வீட்டுக்காரரை எனக்குப் பிடிக்காது. வேலூர் பக்கம் கணியம்பாடியில் உரக்கடை வைத்திருக்கிறார். பெங்களூரில் யாரோ ஓட்டி அலுத்த ஒரு ப்ளக்-இன் ஹைப்ரிட் காரை வாங்கி வந்த நாளிலிருந்து அவர் அலட்டல் தாங்க முடியவில்லை. அதில் பெட்ரோல் எஞ்சினும் உண்டு, பிளக்கில் செருகி சார்ஜ் ஏற்றும் சின்ன பேட்டரியும் உண்டு. "ரெண்டும் இருக்குது மச்சான். ஒண்ணு கைவுட்டா இன்னொண்ணு" என்று பானட்டைத் தட்டிக் காட்டுவார்.

என்னுடையது முழுக்க மின்சாரத்தில் ஓடும் கார். பேட்டரி தீர்ந்தால் நின்ற இடம்தான். அதற்கு அவர் வைத்த பெயர் டார்ச் லைட்டு. அவர் காரின் சார்ஜ் ஒயரோ டிக்கியில் தூசி படிந்து கிடந்தது. ஒருநாள்கூடச் செருகியதில்லை. "செருகாம ஓட்னா அது வெறும் பெட்ரோல் வண்டி மாமா, வெட்டியா ஒரு பேட்டரிய வேற சுமக்குது" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அதன்பின் ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

உண்மையில் சண்டை காருக்காக இல்லை, அம்மாவுக்காக. அவளுக்கு வாரம் இரண்டு முறை வேலூரில் டயாலிசிஸ். நான் மலைமேல் ஜமுனாமரத்தூரில் பள்ளி ஆசிரியன். அம்மா என்னோடுதான் இருந்தாள். மலையை விட்டு இறங்க அவளுக்கு மனமில்லை. "அத்தைய எங்க வூட்ல வுட்டுடு. அந்த டார்ச் லைட்ட நம்பி மலை எறக்காத" என்று அவர் விடாமல் நச்சரித்தார். அம்மாவை அவரிடம் விட்டால் நான் தோற்றேன் என்று அர்த்தம். விடவில்லை.

மலையில் யாரும் அரை டாங்கோடு வண்டியைக் கீழே இறக்க மாட்டோம். கிடைக்கும்போதே ரொப்பிவிடுவதுதான் பழக்கம். வீட்டின் சாதாரண பிளக்கில், கரண்ட் போய்ப் போய் வருவதில், என் கார் எழுபது சதவீதத்தைத் தாண்டியதே இல்லை. அந்த வாரம்தான் பெரிய சார்ஜர் பொருத்தினேன். முதல்முறையாக நூறு. மாமாவிடம் காட்டுவதற்காகத் திரையைப் போட்டோகூட எடுத்தேன்.

வழக்கமாக இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், கார் தானே இழுத்துப் பிடித்து, அந்த வேகத்தையே சார்ஜாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும். அன்று அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு இறங்கியபோது பிடிக்கவே இல்லை. திரையில் ஏதோ எச்சரிக்கை வந்தது. படிக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். கருகல் வாசனை அடித்தது. அடிவாரத்து அமிர்திக்கு மேலே ஒரு வளைவில் பெடல் அப்படியே உள்ளே போனது. மலைப்பக்கமாக உரசித்தான் நிறுத்தினேன். அம்மாவின் நெற்றி முன்னால் இடித்து வீங்கிவிட்டது.

டயாலிசிஸ் நேரம் போய்க்கொண்டிருந்தது. வேறு வழியின்றி அவரைத்தான் கூப்பிட்டேன். வந்தார். காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"நூறு வரிக்குமா ஏத்துன?"

ஆமென்று தலையாட்டினேன்.

"ரொம்புன பேட்டரி இன்னும் எங்க வாங்கும்? மேல கீறவன் கொஞ்சம் காலியா வுட்டுட்டு இல்ல எறங்கணும். என்னுதுன்னா எஞ்சினு புடிச்சிக்கும். உனுக்கு இன்னா கீது?"

அவர் சொன்னது சரி. சரியாகச் சொன்னதால் அவரை இன்னும் அதிகமாக வெறுத்தேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "உங்க வண்டி கதவ தொறங்க மாப்ள" என்றாள்.

இப்போது அவள் கணியம்பாடியில்தான் இருக்கிறாள். போன வாரம் போனில் பேசினாள். வேலூர் கிட்டத்தில்தானே என்று மாப்பிள்ளை தினமும் ராத்திரி சார்ஜ் ஒயரைச் செருகிவிடுகிறாராம். போக வர பெட்ரோலே தேவைப்படவில்லையாம்.

"சத்தமே இல்லடா. உன் வண்டி மாதிரியே போவுது" என்றாள்.

போனை வைத்துவிட்டேன்.