தள்ள ஆளில்லாத கரி பஸ்

இன்று உத்தமபாளையம் கோர்ட்டில் எனக்கு வாய்தா. போகாவிட்டால் கிணற்றடி நிலம் சித்தப்பாவுக்குப் போய்விடும்.

தேனியில் எல்லோரும் ராகு காலத்துக்கு முன்பே பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரியில் ஓடும் கரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். பஸ்தான் கிளம்பவில்லை.

"கொஞ்சம் எறங்கித் தள்ளுங்க சாமி" என்றார் டிரைவர்.

ஒருவரும் அசையவில்லை.

"நல்ல நேரத்துல ஏறியாச்சு. இப்ப எறங்கி ஏறுனா ராகு காலத்துல கெளம்புன மாதிரி ஆயிரும்ல" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். "திங்கக்கெழம ராகு காலம் ஒம்பதுக்குத்தான் முடியும், ஆயிருச்சான்னு ஒங்க வாச்சப் பாருங்க தம்பி."

எனக்கு எரிச்சல். மூடநம்பிக்கையைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன்.

"அப்ப நீங்க எறங்குங்க" என்றார் டிரைவர்.

வாய்தா நாளில் எதற்கு விஷப்பரீட்சை என்று வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதுக்குத்தான் தள்ளினோம். கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள்.

நீங்களாக இருந்தால் இறங்கியிருப்பீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.