அக்கா மஞ்சள் பூசிய கல்

எங்கள் சேர்வராயன் மலைக்கு ஒரு சரித்திரம் எழுத வேண்டும் என்று முதன்முதலில் கிளம்பிய பெண் என் அக்காதான். ஸ்கூட்டர் ஓட்டுவது தங்கையான நான். கல்லைக் கண்டால் நிறுத்து என்பாள். இந்த மலையில் கல் இல்லாத இடம் எது? ஏற்காட்டிலிருந்து வெள்ளக்கடை போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

ஒருநாள் தலைச்சோலைப் பக்கம் ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் நின்ற பலகைக்கல்லை உடைக்க ஜேசிபி கையைத் தூக்கியிருந்தது. கல்லில் உருவம் தேய்ந்துபோயிருந்தது. அடியில் பாசிக்குள் எழுத்து தெரிந்தது. எழுத்துள்ள ஒரு கல்லுக்காக அக்கா பாதி ஆயுளை அலைந்தே கழித்தவள். டிரைவரிடம் தொல்லியல், பாரம்பரியம் என்று என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்தாள். அவர் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார். அக்கா பக்கத்து வீட்டுக்குள் ஓடினாள், மஞ்சளும் குங்குமமுமாகத் திரும்பி வந்தாள், கல்லுக்குப் பூசினாள். டிரைவர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மழை பிடித்துக்கொண்டதால் எழுத்தைப் படிக்காமலே திரும்பினோம்.

அடுத்த முறை போனபோது கல்லுக்குத் தகரக் கூரை வந்திருந்தது, பச்சைப் புடவையும் வந்திருந்தது. மஞ்சள் கொடுத்த வீட்டுக்கார அம்மாவே பூசாரி. எண்ணெய் அப்பி, எழுத்து ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் ஓர் அபிஷேகம் செய்கிறோமே என்று அக்கா கேட்டாள். தண்ணீர் ஊற்றித் தேய்க்கத் தேய்க்க எழுத்து மேலே வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தவளுக்கு வாயெல்லாம் பல். பிறகு சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

"ஏனுங்க மேடம், அம்மன் என்னங்க சொல்லுது?" என்று பூசாரியம்மா கேட்டார்.

நான் அக்காவைக் கிள்ளினேன். அம்மன் இல்லையென்றால் கூரை போகும். கூரை போனால் ஜேசிபி வரும். ஆனால் படித்ததை மாற்றிச் சொல்ல அக்காவுக்கு வராது.

"அம்மன் இல்லைங்க. இது ஒரு ஆம்பளை. மாட்டை மீட்கப் போயி செத்துப்போனவருங்க."

பூசாரியம்மா கல்லை மேலும் கீழும் பார்த்தார்.

"அதானுங்களே பாத்தேன். எத்தன தடவ கட்டியுட்டாலும் பொடவ நிக்கவே மாட்டேங்குதுங்க."

உள்ளே போய்த் தன் வீட்டுக்காரரின் புது வேட்டியை எடுத்துவந்தார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுத்தைப் படமெடுக்கப் போனைத் தூக்கினாள்.

"மேடம், ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. ஆம்பளைக்குத் துணி மாத்தோணும்."

நாங்கள் காப்பிச் செடிகளைப் பார்த்துத் திரும்பி நின்றோம்.