இடுப்பளவுக் கடல்

நடுக்கடலில் ஒருவர் நின்றபடி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கற்பிட்டிக்கு வேலைக்கு வந்த அன்று நான் முதலில் பார்த்தது அதைத்தான். கரையிலிருந்து கூப்பிட்டால் காதில் விழாத தூரம். நாலு பக்கமும் தண்ணீர். மனிதர் பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி சாவகாசமாக நிற்கிறார். தோளில் கிடந்த பை நழுவி மணலில் விழுந்ததுகூடத் தெரியாமல் நான் சிலுவை போட்டுக்கொண்டேன். தண்ணீர்மேல் ஆள் நிற்பதைப் பற்றிப் பூசையில் கேட்டிருக்கிறேன். அதை ஒரு வெள்ளைக்காரர் அரைக் காற்சட்டையோடு செய்வார் என்று யாரும் சொன்னதில்லை.

"அக்கா, அது நடுக்கடல் இல்ல, களப்பு. இடுப்பளவுதான் தண்ணி," என்று பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள். கற்பிட்டிக்காரி. என்னைவிட வயதில் சின்னவள். நான் சமையலுக்கு வந்திருந்த அந்த விடுதியில், பட்டம் இழுக்கப் பலகையில் தண்ணீர்மேல் ஓடும் கைட் சர்ஃபிங் பழக்குகிறவள். அவள் சிரித்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நான் என்ன கண்டேன்? பசறைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் பக்கத்தில் தண்ணீர் ஓரிடத்தில் நிற்காது. பீலியில் கொட்டும், ஆற்றில் ஓடும், மழை பிடித்தால் பாலத்தையே பிய்த்துக்கொண்டு போகும். கடல் என்றால் கால் வைத்த இடத்திலேயே அடி தெரியாத ஆழம் என்றுதான் மனதில் ஒரு படம் வைத்திருந்தேன்.

காற்று விஷயத்தில் விழுந்த அடி இதைவிடப் பலம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அம்மி பறந்ததில்லை, தகரம் பறந்திருக்கிறது. ஆடி பிறக்குமுன் கூரைமேல் கல்லையும் பழைய டயரையும் ஏற்றி வைப்போம். அப்படியும் ஒரு வருஷம் எங்கள் குசினித் தகரம் எழும்பிப் போய்க் கீழ் லயத்துப் பீலியடியில் கிடந்தது. காற்று என்றால் எனக்குத் திட்டத்தான் தெரியும். இங்கேயோ, எங்கோ குளிர்தேசத்திலிருந்து இந்தக் காற்றுக்காகவே ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். ஒரு நாள் காற்று வராவிட்டால் இழவு வீட்டில் இருப்பதுபோல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். நான் வைத்த இறால் கறியைக்கூடத் தொடுவதில்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல.

மத்தியானச் சமையல் முடிந்தால் எனக்கு வேலை இல்லை. "அக்காவும் பழகுறீங்களா? பயமா?" என்று அந்தப் பெண் ஒரு நாள் கேட்டாள். என்னிடம் பயமா என்று கேட்டிருக்கக் கூடாது. எனக்கு ரோஷம் வந்தால் கண் தெரியாது. மறுநாளே நீளக் கைச் சட்டை, இறுக்கமான காற்சட்டை, தலையில் ஒரு தொப்பி என்று களப்புக்குள் இறங்கிவிட்டேன்.

இடுப்பில் ஓர் அகலமான பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். அதில் கொக்கி போட்டு ஒரு தடி. தடியிலிருந்து மேலே போகும் கயிறுகளின் நுனியில், லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவையே மூடிவிடுகிற அளவுக்கு ஒரு பட்டம். தடியை நெஞ்சுப் பக்கம் இழுத்தால் பட்டத்துக்கு வெறி பிடிக்கும். கையை விட்டால் அடங்கிவிடும். விட்டாலும் பட்டம் எங்கும் போகாது, இடுப்போடு கட்டித்தானே இருக்கிறது. மொத்தப் பாடமே இவ்வளவுதான். ஒரு குழந்தைக்கும் விளங்கும். எனக்கும் விளங்கியது, கரையில் நிற்கும்வரை.

பட்டம் முதல் தடவை இழுத்ததும் நான் தடியை இறுக்கிப் பிடித்தேன். அது மேலும் இழுத்தது. நான் மேலும் பிடித்தேன். அன்று களப்பை நான் முகத்தால் உழுதேன்.

"கைய விடுங்க அக்கா!"

"விட்டா விழுந்துருவேன்டி!"

"புடிச்சாத்தான் விழுவீங்க!"

தண்ணீரைத் துப்பிக்கொண்டு எழும்பி அவளை முறைத்தேன். இப்படி ஒரு தலைகீழ் நியாயத்தை நான் கேட்டதேயில்லை. எங்கள் மலையில் கால் வழுக்கினால் செடியைப் பிடிக்க வேண்டும். நடக்கத் தொடங்கும்போதே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். தேயிலைச் செடி கையோடு வராது, அதன் வேர் அப்படி. பள்ளிக்கூடம் விட்டபின் அம்மாவோடு கொழுந்து எடுக்கப் போன காலத்தில் எத்தனையோ முறை வழுக்கி, எத்தனையோ செடியைப் பிடித்துப் பிழைத்தவள் நான். விடு என்று சொன்னால் மூளைக்குக் கேட்கும், கைக்குக் கேட்க வேண்டாமா?

ஆனாலும் நாள் தவறாமல் போனேன். ஒரு நாள், எப்படியோ, கை தன்பாட்டில் தளர்ந்தது. காலில் மாட்டியிருந்த பலகை தண்ணீருக்கு மேலே எழும்பியது. நான் நின்றேன். காலுக்குக் கீழே தண்ணீர் சரசரவென்று ஓடியது, இல்லை, ஓடியது நான். பிறகு வழக்கம்போல் விழுந்தேன். எழும்பியபோது யாரோ பைத்தியக்காரி மாதிரிச் சிரிப்பது கேட்டது. அதுவும் நான்தான். இத்தனை வயதுக்குப் பிறகு என் உடம்பு எனக்குத் தெரியாத ஒன்றைச் செய்துவிட்டது என்ற திகைப்பு அன்று முழுக்கப் போகவில்லை. கறிக்கு உப்பை இரண்டு முறை போட்டேன்.

அந்தப் பெண் எடுத்த வீடியோ யார் யார் போனுக்கோ போய்க் கடைசியில் எங்கள் லயத்துக்கும் போய்விட்டது. அம்மா எனக்குப் போன் எடுத்தாள்.

"சமைக்கப் போறேன்னு சொல்லிட்டுக் கடலுக்குள்ள என்னடி ஆட்டம்? அன்னம்மா திருநாளுக்கு நம்ம பங்குக் கோயில்ல இருந்து பஸ் வருது. நானும் வாறேன். நீ பெட்டியக் கட்டி வையி. நம்ம புள்ளமடுவத்துல ஆள் எடுக்குறாங்க, தொரைகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

பிள்ளைமடுவம் என்பது கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். நல்ல வேலைதான். ஆனால் அம்மா ஒருமுறை கூட்டிக்கொண்டு போனால் அதோடு சரி, திரும்பி வர விடமாட்டாள். எனக்கோ போக மனமில்லை. அந்தச் சரசரவென்ற சத்தம் காதைவிட்டுப் போகவேயில்லை. அம்மா எதிரே ஒருமுறை விழாமல் போய்க்காட்டிவிட்டால் மனம் இளகிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

தலவில அன்னம்மாள் கோயில் கற்பிட்டிப் பக்கம்தான், ஆனால் திறந்த கடலை ஒட்டியது. ஆடியில் அந்தக் கடல் பேயாட்டம் ஆடும். யாரும் இறங்க வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டே இருப்பார்கள். அம்மா வாழ்க்கையில் முதல்முதல் பார்த்த கடல் அதுதான். திருநாளுக்கு மறுநாள் அங்கிருந்து நேராக விடுதிக்கு வந்தாள். திருநாளுக்குக் கட்டிய நீலச் சேலை, கையில் செபமாலை, முகத்தில் ஒரு சொட்டுச் சிரிப்பில்லை.

"பெட்டி எங்க?" என்றாள்.

"கொஞ்சம் பாத்துட்டு அப்புறம் பேசும்மா," என்று சொல்லிவிட்டு நான் களப்பில் இறங்கினேன். வெகுதூரம் போய்த்தான் தொடங்கினேன், எல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்ற கொழுப்பு.

எழும்பினேன், நின்றேன், போனேன். அம்மா கரையில் ஒரு நீலப் புள்ளியாக நிற்பது தெரிந்தது. கையைத் தூக்கிக் காட்டலாமா என்று நினைத்த நேரத்தில் காற்று ஒரு குத்து விட்டது. பலகை காலிலிருந்து கழன்றது. பட்டம் என்னைத் தரதரவென்று இழுத்தது.

"விடுங்க அக்கா, விடுங்க!" என்று அந்தப் பெண் ஒரு பக்கம்.

"புடிடி! விட்டுறாத! இறுக்கிப் புடி!" என்று கரையிலிருந்து அம்மா. மலையில் நாலு வரிசை தள்ளி நிற்பவளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. அந்தக் காற்றிலும் வந்து சேர்ந்தது.

நான் யார் சொல்லைக் கேட்பேன்? பிடித்தேன். பட்டம் என்னைத் தூக்கியது. களப்பும் கரையும் தென்னையும் எனக்குக் கீழே இருந்தன. அம்மி பறந்தே விட்டது. பிறகு சப்பென்று தண்ணீரில் விழுந்தேன். விழுந்த வேகத்தில் விரல் தானாகத் திறந்துகொண்டதால்தான் பட்டம் அடங்கிப் பக்கத்தில் படுத்தது.

இருமிக்கொண்டே எழுந்து நின்றேன். தண்ணீர் இடுப்புக்குத்தான் வந்தது. உடம்பில் அடி ஒன்றும் இல்லை. அதைக் காட்டக் கரைப்பக்கம் திரும்பினேன். கரையில் அம்மா இல்லை.

அம்மா தண்ணீருக்குள் இருந்தாள். சேலையோடு, செபமாலையோடு, இரண்டு கையையும் முன்னே நீட்டிக்கொண்டு, என்னை நோக்கி வந்துகொண்டிருந்தாள். அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை. கண் என்மேலேயே இருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. சேலை காலைச் சுற்றித் தடுக்க, விழுந்து, எழும்பி, மறுபடி வந்தாள்.

அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. முதலில் கோபம் என்று நினைத்தேன். கோபமில்லை. அடுத்த அடியில் தரை இருக்காது என்று ஒவ்வோர் அடியிலும் நம்பிக்கொண்டு வருகிறவளின் முகம் அது. ஆழமில்லை என்பதை நான் அவளிடம் சொல்லவேயில்லையே. வெள்ளைக்காரரைப் பார்த்து நான் அதிர்ந்த கதையைக்கூடச் சொல்லவில்லை, வெட்கத்தால்.

"அம்மா, ஆழம் இல்ல! ஆழம் இல்லம்மா!" என்று கத்தினேன். எதிர்க்காற்று அதை என் வாயிலேயே திருப்பிப் போட்டது.

வந்து சேர்ந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள், செடியைப் பிடிப்பதுபோல். அதற்குப் பிறகுதான் குனிந்து பார்த்தாள். தன் இடுப்பைச் சுற்றித் தண்ணீர் அலம்புவதை வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதாம்மா. எல்லா எடமும் இப்புடித்தான்."

பளார் என்று ஒன்று விட்டாள். ஈரக் கை. இன்றைக்கும் உறைக்கிறது. "இத மொதல்லயே சொல்றதுக்கென்னடி?"

அதற்குள் பழக்கும் பெண் மூச்சிரைக்க வந்துவிட்டாள். அம்மா அவள் பக்கம் திரும்பினாள். "நீ என்னம்மா விடு விடுன்னு கத்துற? விட்டா அவ கதி என்ன?"

அவள் பொறுமையாகத் தடியைக் கையில் எடுத்துக் காட்டினாள். "இழுத்தா பட்டத்துக்குப் பலம் அம்மா. விட்டா நின்டுரும். பாருங்க."

அம்மா பார்த்தாள். தன் கையாலேயே தடியை ஒருமுறை இழுத்தும் விட்டும் பார்த்தாள். பட்டம் துள்ளியது, அடங்கியது. அவள் புருவம் ஏறியது ஏறியபடியே நின்றது.

"சரி. இன்னொருக்கா போ," என்றாள் என்னிடம். "நான் இங்கயே நிக்கிறேன்."

நடுக்களப்பில் நீலச் சேலையோடு அம்மா நிற்க, அவளைச் சுற்றி நான் போனேன். காற்று குத்தியபோதெல்லாம் "விடுடி! கைய விடு, மூதேவி!" என்று கற்பிட்டியே கேட்கக் கத்தினாள். கை சொன்னபடி கேட்டது. விழாமல் போன முதல் ஓட்டம் அதுதான். திரும்பி வரும்போது அம்மா சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு, அந்த வெள்ளைக்காரரைப்போலவே சாவகாசமாக நின்றிருந்தாள்.

பெட்டிப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை. "மடுவத்துக்குக் கீழ் லயத்துப் புள்ளைய எடுத்துக்கச் சொல்றேன்," என்று மட்டும் சாப்பிடும்போது சொன்னாள்.

மறுநாள் காலை, ஊர் திரும்பும் வழியில் அம்மாவை ஏற்றிக்கொள்ளப் பங்குக் கோயில் பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தவளிடம் சோற்றுப் பார்சலைக் கொடுத்துவிட்டு, ராத்திரி முழுக்க என்னைக் குடைந்ததைக் கேட்டேன்.

"அம்மா, ஆழம்னு நெனச்சுத்தானே வந்த? நீந்தவும் தெரியாது. வந்து என்ன செய்யலாம்னு இருந்த?"

"ஒண்ணும் செய்ய முடியாதுன்னு தெரியும்டி," என்றாள். "கூட இருக்கலாம்னு வந்தேன்."

அதே மூச்சில், பார்சலில் மீன் வைத்திருக்கிறேனா என்று கேட்டாள். வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஜன்னலில் இருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.