ஆள் இல்லாத ஊரில் இறங்காதவர்

"டார்வின்ல நம்மாளு யாருய்யா இருக்காக?"

திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்று, தலைக்கு மேலே தொங்கும் கொடியை வாழைநாரால் கம்பியோடு கட்டிக்கொண்டே பங்கிராஸ் கேட்கிறார். கேள்வி கோட்டைச்சாமிக்கு. வருஷா வருஷம் குலை வாங்க வந்தவர், இந்த வருஷம் தோட்டத்தையே வாங்க வந்திருக்கிறார். டார்வின் ஆண்டிபட்டிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுகூட அவருக்குத் தெரியாது. இருந்தாலும் கொஞ்சம் யோசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, "எங்க வகையில யாருமில்ல" என்று பொறுப்பாகப் பதில் சொல்லிவிட்டு ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்கிறார்.

ராயப்பன்பட்டியில் பங்கிராஸ் என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. பீஜிக்காரர் என்றால் நாய்கூட வழிகாட்டும். ஐம்பத்தைந்தைத் தாண்டிய ஆள். வாழ்நாளில் பாதி பந்தலுக்கு அடியிலேயே போய்விட்டதால் வெட்டவெளியிலும் குனிந்தே நடப்பார். வாலிபத்தில், மதுரையில் ஆள் பிடிக்கும் ஏஜெண்டு ஒருவனின் வாய்ச் சாலத்தில் விழுந்து, பீஜித் தீவில் லம்பாசா என்ற ஊருக்குக் கரும்பு வெட்டப் போனவர். "அங்கன பூராம் நம்மாளுகதான்" என்றானாம் ஏஜெண்டு. கப்பல் மாறி, படகு மாறி, இறங்கிப் பார்த்தால் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அன்றைக்குப் போட்ட சட்டம்தான் இன்றைக்கும்: தெரிந்த ஆள் இல்லாத ஊரில் கால் வைப்பதில்லை. தேனிச் சந்தைக்குப் போனாலும் கயிற்றுக் கடைக்காரரிடம் போய்த் தலையைக் காட்டிவிட்டுத்தான் மாட்டைப் பார்ப்பார்.

அந்தச் சட்டத்தை இப்போது ஆகாயத்துக்கும் நீட்டியிருக்கிறார். வெள்ளைக்காரன் போன மறுவருஷமான இந்த வருஷம், ஏரோப்பிளான் ஏறி லம்பாசா போய் மகளைப் பார்த்துவிடுவது என்று முடிவு. மகள் பெயர் லூர்து மேரி. கரும்புக் காட்டில் கட்டிய முதல் மனைவி விஷக் காய்ச்சலில் போய்விட, அவர் ஊர் திரும்பியபோது பக்கத்துக் குடிசை இந்திக்காரக் குடும்பத்தில் விட்டுவிட்டு வந்த பிள்ளை. ஒப்பந்தம் முடிந்தவனுக்கு இந்தியா போக ஓசிக் கப்பல் உண்டு, திரும்பி வர ஓசிக் கப்பல் கிடையாது. சீக்கிரம் வந்து கூட்டிப்போவதாகச் சொன்னவர், வந்த இடத்தில் ரோசம்மாளைக் கட்டினார், பந்தல் போட்டார், இருந்துவிட்டார். "கப்பல்ல பிள்ளைக்கு எடமில்லன்னுட்டான்" என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்வார். கப்பலில் ஓடி விளையாடிய பிள்ளைகளைப் பற்றி வேறொரு நாள் மறந்துபோய்க் கதை சொன்னவரும் அவரேதான். ரோசம்மாள் இரண்டையும் கேட்டு வைத்திருக்கிறாள்.

வழி தேடி மதுரைக்குப் போனார். ஏரோப்பிளான் டிக்கெட் எழுதும் ஆபீசில் கழுத்துப் பட்டை கட்டிய ஒரு பிள்ளையாண்டான் உலகப் படத்தை விரித்து, சென்னை, கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர், ஆஸ்திரேலியாவில் டார்வின், சிட்னி என்று பென்சிலால் தட்டிக்கொண்டே போனான். பங்கிராஸ் ரங்கூனில் மறித்தார். அங்கே இருந்த நம்மாட்கள் எல்லாம் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது காடு மலையாக நடந்து ஊர் வந்து சேர்ந்துவிட்டார்கள், அங்கே இறங்காத பிளானாகப் பார் என்றார். ராத்தங்கலைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும், ஓட்டலில் அறை கொடுப்பார்கள் என்று அவன் எடுத்துச் சொன்னான்.

"அந்த ஓட்டல் யாரு வீடு?"

"யார் வீடும் இல்லீங்க. ஓட்டல்."

"அங்கன நான் செத்துப்போனா அவன் யாருக்குச் சொல்லிவிடுவான்?"

அவன் படத்தைச் சுருட்டப் பார்த்தான். தொல்லை தாங்காமல், வேண்டுமானால் லண்டன், அமெரிக்கா என்று உலகத்தை மறுபக்கமாகச் சுற்றியும் போகலாம் என்று விளையாட்டுக்குச் சொல்லிவைத்தான். அவ்வளவுதான். அடுத்த வாரம் முழுக்க உத்தமபாளையம், சின்னமனூர், மார்க்கையன்கோட்டை என்று அலைந்து, லண்டனில் யாருக்காவது மச்சான் மருமகன் உண்டா என்று விசாரித்துக்கொண்டு திரிந்தார் மனிதர்.

ஆனால் வழி மெல்ல மெல்லத் தேறிக்கொண்டு வந்தது. ரங்கூனில் ராத்தங்காத பிளான் ஒன்று கிடைத்தது. கல்கத்தாவில் ஏலக்காய் மண்டி வைத்திருக்கும் கம்பத்து ராவுத்தர். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கணக்கெழுதும் சின்னமனூர்க் கருத்தக்கண்ணன். சிட்னியில், முன்பு மலைமேல் எஸ்டேட்டில் மானேஜராக இருந்துவிட்டுப் போன துரை. அவரோடு பழக்கம் என்னவென்றால், ஒரு தடவை பழக்கூடையை இறக்கி வைத்தபோது "வெரி குட்" என்றாராம். அது போதுமா என்று யாராவது கேட்டால், "மாட்டுக் கொட்டத்திலயாச்சும் படுக்கச் சொல்லமாட்டாகளா?" என்பார். மிச்சம் இருந்தது டார்வின்தான். பாதிரியாரைப் பூசைக்கு முன்னும் பின்னும் பிடித்து அரித்ததில், அந்த ஊரில் இருக்கும் கன்னியாஸ்திரீகள் மடத்துக்குச் சொல்லிவைப்பதாக அவரும் ஒப்புக்கொண்டார். அப்படியே லம்பாசாக் கோயிலுக்கும் ஆள் மூலம் தகவல் போயிற்று: லூர்து மேரியின் அப்பா வருகிறார்.

ரோசம்மாள் சத்தம் போடுகிற சாதி இல்லை. அரிசி புடைக்கிற தோரணையில் பேசுவாள், உமி அவர் முகத்தில் வந்து விழும்.

"கப்பலுதான் அத்தன வருசமாப் போய்க்கிட்டிருந்துச்சு. ஏரோப்பிளான் கண்டுபிடிக்கட்டும்னு காத்துக்கிட்டு இருந்தீகளாக்கும்."

பங்கிராஸ் எழுந்து பந்தலுக்குப் போய்விடுவார். அவளிடம் இன்னொரு கேள்வியும் உண்டு. வீட்டில் சோறு வேகிறதென்றால் இந்தப் பந்தலால்தான். டிக்கெட் பணத்துக்காக, கோயில் திருவிழா முடிந்த திங்கட்கிழமை உத்தமபாளையம் பத்திர ஆபீசில் அது கோட்டைச்சாமி கைக்கு மாறுவதாகப் பேச்சு.

"ஊரு ஊருக்கு ஆளு புடிச்சு வச்சிருக்கீகளே, நான் எந்த ஊருல எறங்குறது?"

லம்பாசாவுக்குத் தகவல் போன சில மாதத்தில், அந்தத் திருவிழாவுக்கு ஒரு புது ஆள் வந்து சேர்ந்தான். பெயர் சவரிராயன். அப்பன் பாட்டன் உத்தமபாளையத்துக்காரர்கள், இவன் பிறந்தது லம்பாசாவில். அங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியார். போன மாதம்தான் கப்பலில் மேல்படிப்புக்குத் திருச்சிக்கு வந்தவன், பூர்வீகத்தைப் பார்க்க வந்திருந்தான். பேச்சு, கூழாங்கல்லில் வெறுங்காலோடு நடப்பதுபோல் நின்று நின்று வரும். லூர்து மேரியின் மூத்த பையன் அவனிடம்தான் படித்தான் என்று தெரிந்ததும், பங்கிராஸ் அவனைக் கையைப் பிடித்துத் தோட்டத்துக்கு இழுத்து வந்துவிட்டார். கட்டிலைப் பந்தல் நிழலில் போட்டு உட்கார வைத்தார். கோட்டைச்சாமியும் இருந்தார். ரோசம்மாள் காப்பி கொண்டுவந்தாள்.

பங்கிராஸ் முதலில் மகளைப் பற்றிக் கேட்கவில்லை. வழியைத்தான் சொன்னார். சென்னையிலிருந்து ஒவ்வொரு ஊராக, அங்கங்கே இருக்கும் ஆளின் பெயரோடு, ராகம் போட்டு ஜெபம் சொல்வதுபோல் சொன்னார். டார்வின் வந்ததும் குரல் உயர்ந்தது. சிட்னி தாண்டி, பீஜியில் இறங்கி, படகேறி லம்பாசாவுக்கு வந்து முடித்தார்.

"அதுக்குமேலதான் கவலையில்லயே. எம் மக வீடு."

சவரிராயன் காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோயில்ல அவங்ககிட்ட சொன்ன அன்னிக்கு நானும் பக்கத்தில இருந்தேன். நீங்க வர்றீங்கன்னு."

"பிள்ள என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க." டம்ளரைக் கீழே வைத்தான். "வந்தா எங்கே தங்குவாருன்னு கேட்டாங்க."

கோட்டைச்சாமி எழுந்து, தோட்டத்தின் மறு கோடியில் ஏதோ பார்க்கவேண்டியதுபோல் நடந்தார். கணவன் முகத்தில் என்றைக்காவது இப்படி ஓர் அடி விழவேண்டும் என்று காத்திருந்த ரோசம்மாள், விழுந்தபிறகு அதைப் பார்க்க மாட்டாமல் காலி டம்ளர்களை எடுக்கக் குனிந்தாள்.

"சின்ன வீடா இருக்கும்" என்றார் பங்கிராஸ்.

"இல்லீங்க. பெரிய வீடு. தகரம் போட்டது. நாலு ரூம்."

பொய் சொல்லும் அளவுக்குத் தமிழ் அவனுக்குக் கைவரவில்லை.

பங்கிராஸ், அதை அவள் தமிழிலா கேட்டாள் என்றார். அவங்களுக்குத் தமிழ் வராது, வளர்த்தவங்க பேச்சுதான், இந்திதான் என்றான் சவரிராயன். கரும்புக் காட்டு இந்தி. பங்கிராஸ் வாயிலிருந்து எப்போதோ உதிர்ந்துபோன பேச்சு.

"அவ கேட்டதை அப்பிடியே சொல்லுங்க தம்பி."

"எதுக்குங்க?"

"அவ குரலு எப்பிடியோ, அப்பிடிச் சொல்லுங்க. நான் விட்டுட்டு வந்தப்ப மழலதான்."

சவரிராயன் மாட்டேன் என்று தலையை ஆட்டிப் பார்த்தான். அவர் விடவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, நாலே வார்த்தை, ஒரு பெண்ணின் குரலில், கடைசி வார்த்தையை மேலே இழுத்துச் சட்டென்று அறுத்துச் சொன்னான். ரோசம்மாளுக்கு அந்தப் பேச்சு புரியவில்லை. ஆனால் யாரோ ஒருத்தி வாசலில் வந்து நின்று கதவைச் சாத்தியதுபோல் அவளுக்கும் கேட்டது.

பங்கிராஸ் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் போட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, வலது காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்து வைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ" என்றார்.