இரண்டு பக்கமும் படம் போட்ட திரை

கும்மிடிப்பூண்டியில் திரைச்சீலைத் துணி அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் எனக்குச் சரிபார்க்கும் வேலை. அச்சாகிக் காய்ந்து வரும் துணியை வெளிச்சமான மேசைமேல் இழுத்து, கறை இருந்தாலோ நிறம் விலகியிருந்தாலோ அடையாளம் ஒட்ட வேண்டும். எதிரில் நின்று துணியைப் பிடிக்கும் அக்கா, என்னைப்போலவே கவரைப்பேட்டைக்காரர். ஒரே ஷேர் ஆட்டோவில் போய் வருவோம்.

ஒரு வெளிநாட்டு ஆர்டர் வந்தது. அதில் வழக்கமான பூவும் கொடியும் இல்லை. செங்கல் நிறத்தில் பாதி வட்டங்கள், அவற்றை வெட்டிக்கொண்டு ஓடும் கறுப்புக் கோடுகள், நடுவே கடுகு மஞ்சளில் முக்கோணங்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த நாட்டில் வீட்டுத் திரைக்கென்று வரைந்த டிசைன் என்று ஆர்டர் பார்க்கும் மேடம் சொன்னார். பூப்போட்ட துணியையே பார்த்துச் சலித்தவர்கள், புதுக் காலத்து வீட்டுக்குப் புதுசாக வேண்டும் என்று வெறும் கோடும் வட்டமுமாகப் போட்டார்களாம்.

"நூறு வருசமா? நேத்து போட்டா மாரி கீது" என்றார் அக்கா.

ஒரு ரோலில் மஞ்சள் விலகி விழுந்துவிட்டது. முக்கோணங்கள் எல்லாம் கறுப்புக் கோட்டைத் தாண்டி வெளியே நின்றன. ஆர்டருக்கு ஆகாது. அதில் ஒரு துண்டு கிடைக்குமா என்று அக்கா சூப்பர்வைசரிடம் கேட்டார். எதையும் வாய்விட்டுக் கேட்கிறவர் இல்லை அக்கா. எதற்கென்று எனக்குத் தெரியும்.

அவர் கணவர் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடித்தவர். சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஒற்றை அறை வீடு, வாசலுக்கு நேரே கட்டில். உடம்பு துடைக்கும்போது யாராவது வந்து நின்றால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். கூட வேலை செய்தவர்கள் வந்தாலும், தூங்குவதாகச் சொல்லி அனுப்பிவிடச் சொல்வார்.

துண்டு கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை நானும் போய், கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவே கம்பி கட்டித் திரையை மாட்டிக் கொடுத்தேன். மறுவாரம் ஆட்டோவில் அக்கா வாடிய முகத்தோடு வந்தார். "எங்கூட்டாளு மூஞ்சி குட்த்தே பேச மாட்டேங்குது. இன்னா கோவமோ தெரில."

சாயங்காலம் அக்காவோடு இறங்கி அவர் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அக்காவின் கணவரே ஆரம்பித்தார்.

"இன்னாம்மா, நீயும் கூட இருந்துதான மாட்டுன? வர்றவனுக்குப் படம், எனக்கு வெள்ளத் துணியா? நாள் முச்சூடும் அத்தப் பாத்துக்கினு கெடக்கறவன் நானு."

கட்டிலோரம் உட்கார்ந்து பார்த்தேன். அச்சு ஒரு பக்கம்தான் விழும். பின்பக்கம் வெளிறிய நிழலாகத் தெரிந்தது, ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றி நிறுத்தும் மறைப்புபோல. தினமும் துணியின் முகத்தையே பார்க்கிற எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை.

"திருப்பி மாட்டட்டாய்யா?" என்றார் அக்கா.

"திருப்புனா வாசல்ல நிக்கறவன் வெள்ளயப் பாப்பான். பொணம் கெடக்கற ஊடுன்னு நெனப்பான்."

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். முதுகோடு முதுகாக இரண்டு துணியை வைத்துத் தைக்கலாமே என்றேன்.

"எம்பக்கத்துக்கு இதே வோணாம். வேற இன்னா கீது? எடுத்தாந்து காட்டு" என்றார் அவர். அக்கா என்னைப் பார்த்தார். விழுந்த நாளிலிருந்து அவர் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை.

கழித்த துணிகளில் சிலவற்றைக் கேட்டு வாங்கிப் போனேன். நெஞ்சின்மேல் விரித்து, தூக்கிப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். ஆரஞ்சும் பச்சையும் கட்டம் கட்டமாக மோதும் ஒன்றை எடுத்தார்.

"கண்ணு கூசுது" என்றார் அக்கா.

"கூசட்டும்."

என் மெஷினில் இரண்டையும் சேர்த்துத் தைத்துக் கொடுத்தேன். கனமான துணியில் ஊசி இரண்டு முறை உடைந்தது. மாட்டிய பிறகு அவரோடு பெயின்ட் அடித்த நண்பர் வந்தார். "ஒரு நிமிசம் இருடா" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அக்கா துடைத்து முடித்து லுங்கியைச் சரி செய்ததும், அவள் கணவரே கையை நீட்டித் திரையை இழுத்து விலக்கினார்.

நண்பர் அழுவார்போல நின்றார். பிறகு, பேச ஏதாவது வேண்டுமே என்று, "மஞ்ச வெலகிக்கீதே" என்றார்.

"வெலகுனதாலதான் எங்க ஊட்டுக்கு வந்துது. உக்காரு."

சில நாள் அவரே திரையை இழுத்து மூடிக்கொள்வார். அப்போது யாரும் கூப்பிடக் கூடாது. அக்கா வாசலில் உட்கார்ந்து காய் நறுக்குவார்.